உண்ணாத பகல்

ஐந்தாம் முறையும் மணி அடித்து அடித்துத் தானாகவே ஓய்ந்தது. சிற்சபேசன் கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் அந்த மௌனத்தையே சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். மௌனத்துக்கு அப்பால், கல்கத்தாவிலிருந்து ஆயிரம் கல்லுக்கும் மேலான தொலைவில், மயிலாடுதுறையில் ஒரு சந்து இருக்கிறது; அந்தச் சந்தில் மாசிலாமணி தேசிகரின் வீடு, வீட்டுக் கூடத்தின் வடகிழக்கு மூலையில் ஒரு பலகை, பலகைமேல் வெள்ளிச் சம்புடம், சம்புடத்துக்குள் கட்டைவிரல் அளவில் ஒரு படிகலிங்கம்; அந்தப் படிகத்தின்மேல் இன்று நீர் விழுந்ததா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ளவேண்டும், அவ்வளவுதான். நேற்றும் முந்தாநாளும் அதற்கு முந்திய நாளும் ஏழு மணி அடிப்பதற்குள் தேசிகர் தாமே அழைத்து, ‘ஆச்சு’ என்ற ஒரே சொல்லைச் சொல்லி வைத்துவிட்டார். கூடுதலாக ஒரு சொல் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. இன்று ஏழும் ஆயிற்று, எட்டும் ஆயிற்று, இப்போது பத்தே கால். எழுபது வயது, மனைவியை இழந்த தனிக்கட்டை, கிணற்றடியில் பாசி, காது மந்தம். காது மந்தம் என்பதைப் பிடித்துக்கொண்டு மனம் ஒரு கணம் ஆறியது. ஆறிய சூட்டிலேயே, மூன்று நாளும் கேட்ட காது இன்றைக்கு மட்டும் எப்படி மந்தமாயிற்று என்று திருப்பிக் கேட்டது. டிராம் வண்டி ஓர் உலுக்கலோடு நகர்ந்தது. எதிர் இருக்கையில் ஜன்னலோரம் அமர்ந்திருந்த அவர் மனைவி தையல்நாயகி, காற்றில் பறந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “நம்ம ஊருத் தேர் மாதிரியில்ல போகுது. எறங்கி நடந்தா நாம முன்னாடி போயிடுவோம் போல” என்றாள். அவர் ‘ம்’ என்றார். “அங்க பாருங்க, ஓட்டுறவரு காலால மிதிச்சு மணியடிக்கிறாரு.” அதற்கும் ஒரு ‘ம்’. அவள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். “நான் இந்த வண்டியில போறேன். நீங்க எந்த வண்டியில போறீங்க?”

எந்த வண்டியில் போகிறார் என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? முப்பத்துநான்கு ஆண்டுகளாக ஒரே இடத்தைச் சுற்றிவரும் வண்டி அது. முப்பத்திரண்டாம் வயதில் மடத்துக் குரு தலையில் கைவைத்துத் தீட்சை அளித்து, அந்தப் படிகத்தை வலது உள்ளங்கையில் ஏற்றி, ‘இவனுக்கு ஊட்டாமல் நீ உண்ணாதே’ என்றார். அன்றிலிருந்து தன் உயிரின் பொருட்டுத் தானே செய்யும் ஆன்மார்த்த பூசை அவருக்கு வழுவியதில்லை. விஷக்காய்ச்சல் கண்டு எழுந்து நிற்க மாட்டாதபோது தையல்நாயகி முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கச் செய்தார். தெருவில் வெள்ளம் ஏறி வீட்டுக்குள் கணுக்கால் அளவு நீர் நின்ற ஆண்டில், மேசைமேல் பலகையை வைத்துச் செய்தார். மகளின் திருமணத்தன்று முகூர்த்தத்துக்கு நாழிகை நெருங்க, மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுக்கச் செய்தார். வில்வம் பறித்ததும் சந்தனம் அரைத்ததும் திருமஞ்சன நீர் முகந்ததும் அவள். வாங்கி வார்த்தது அவர். தீட்சை பெறாதவள் ஆகையால் அறையின் நிலைப்படிக்கு வெளியே நின்றே அவள் எல்லாவற்றையும் நீட்டினாள். இரயில்வே அலுவலகத்தில் வரைபடம் எழுதும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். வேலையில் இருந்தபோதும் ஓய்வுக்குப் பின்னும் ஆண்டுதோறும் இருவருக்கும் இலவசப் பயணச்சீட்டு உண்டு. ஆண்டுதோறும் அது பயனின்றிக் காலாவதியானது. ‘சம்புடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? தண்ணீர் எப்படியோ, தங்குமிடம் எப்படியோ’ என்று அவர் சொல்ல, அவள் வாதாடாமல் அந்தக் காலாவதிச் சீட்டை அலமாரித் தட்டில் தாளாக விரித்து அதன்மேல் பருப்பு டப்பாக்களை அடுக்கினாள். இந்த ஆண்டு விண்ணப்பத்தைத் தானே நிரப்பி அவர்முன் வைத்தாள். “ஹௌரா பாலத்த அஞ்சாம் வகுப்புப் புஸ்தகத்துல பாத்தது. எனக்கு அறுபத்துரெண்டு ஆகுது. ஒரே ஒரு நாள், அவசரப்படாம ஒரு பெரிய ஊரச் சுத்திப் பாக்கணும். கோயில் கொளம் ஒண்ணும் வேணாம். சும்மா சுத்தணும்.” ஒரே ஒரு நாள். அந்த நாள் இன்றுதான். நாளைக் காலை திரும்புகால் வண்டி. உடன் தீட்சை பெற்ற தேசிகரிடம் சம்புடத்தை ஒப்படைக்கலாம் என்று மடத்திலும் அனுமதித்துவிட்டார்கள். அவர் பூசை முடித்தார் என்று தெரிந்தபின் இவர் உண்ணலாம். விதி தெளிவாகவே இருந்தது. தெரியாமற்போனால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. கேட்கவேண்டுமென்று இவருக்கும் தோன்றவில்லை. பக்கத்து வீட்டாரின் எண்ணைக் குறித்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

காலையில் விடுதியறையில் அவள் தலை வாரிக்கொண்டே கேட்டாள்: “தேசிகர் பேசினாரா?” கண்ணாடியில் அவள் முகம் அவரைப் பார்க்கவில்லை, வகிடு எடுப்பதில் கவனமாயிருந்தது. அந்த முகத்தில் ஒரு குழந்தைத்தனமான பரபரப்பு, பொட்டை ஒருமுறை வைத்து அழித்து மறுபடி வைத்த பரபரப்பு. “பேசினார். ஆச்சாம்” என்றார். வாயிலிருந்து அது அவ்வளவு எளிதாக வந்தது. சிவபூசையைப் பற்றிய பொய்! எந்த வாய் காலையில் ஐந்தெழுத்தை ஓதியதோ அதே வாய். இல்லை, அது அவள்மேல் கொண்ட இரக்கம், அவளுடைய நாள் கெடக்கூடாது என்ற பரிவு; பரிவு என்று பெயரிட்டால் பொய் கரைந்துவிடுமா, உப்பு என்று எழுதி ஒட்டிய டப்பாவில் உள்ள சர்க்கரை உப்பாகிவிடுமா? கீழே சிற்றுண்டிச் சாலையில் இட்டிலியின் ஆவி எழுந்து மூக்கில் பட்டபோது, வயிறு மந்தமாக இருக்கிறது, ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது இரண்டாவது பொய். “அப்படியா?” என்று அவள் ஒரு கணம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள், பிறகு பரிமாற வந்தவனிடம் கையை அசைத்து மறுத்துவிட்டு எழுந்தாள். புறப்படும் அவசரம் போலும் என்று அவர் எண்ணிக்கொண்டார். டிராமிலிருந்து இறங்கி, பெரிய வெள்ளை மாளிகையின் தோட்டத்தில் புல்லில் உட்கார்ந்தபோது பதினொன்றரை. மார்கழிக் குளிர் வெயிலுக்கு அடங்கியிருந்தது. அவள் செருப்பைக் கழற்றிப் புல்லில் பாதத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். “இந்தப் புல்லு குத்தல பாருங்க” என்றாள். குத்தவில்லை, அவருக்குத்தான் உட்கார முடியவில்லை. எழுந்து குளக்கரைவரை போய் ஆறாம் முறை அழைத்தார், திரும்பி வந்தார், மறுபடி எழுந்தார். “யாருக்கு அடிக்கடி போன் போடுறீங்க?” “மாப்பிள்ளைக்கு. எடுக்கலை.” மூன்றாவது பொய். மாப்பிள்ளையையும் இழுத்தாயிற்று. எண்ணிக்கொண்டே போனால் மாலைக்குள் எத்தனை சேரும்? உண்ணாமல் இருப்பது எதற்காக? பொய் சொல்லிக்கொண்டு உண்ணாமல் இருப்பதற்கு ஏதேனும் பலன் உண்டா? நீர் வார்க்கப்படாத அந்தப் படிகம் இப்போது இருட்டுச் சம்புடத்துக்குள் என்ன செய்துகொண்டிருக்கும் என்று எண்ணியவுடன் நெஞ்சின் நடுவே ஏதோ வறண்டது, இவருக்கே தாகம் எடுத்தது, தாகத்தையும் அடக்கிக்கொண்டார்.

அருங்காட்சியகத்துக்குள் நுழையும்போது மணி ஒன்று. சுண்டல் விற்பவனையும் கரும்புச்சாற்று எந்திரத்தையும் கடந்துதான் வாயிலை அடைய வேண்டியிருந்தது. அவள் எந்திரத்தருகே ஒரு கணம் நின்றாள். அவர் நிற்காமல் நடந்ததால் அவளும் வந்துவிட்டாள். நீண்ட கூடங்கள், உயரமான கூரை, காலடியோசை பின்னாலேயே தொடர்ந்து வருவது போன்ற எதிரொலி. யானையின் எலும்புக்கூட்டை அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வால் நுனியில் எத்தனை கணு என்று எண்ணக்கூடச் செய்தாள். கற்சிற்பங்களின் கூடத்தில்தான் அவர் கால் நின்றுபோயிற்று. ஒரு தூணின் ஓரத்தில், கயிறு கட்டிய வளைவுக்குள், ஆவுடையார் பாதி உடைந்த ஒரு லிங்கம். இடுப்பளவு உயரம், கருங்கல், மேனியில் நீர் வழிந்து வழிந்து உண்டான மழமழப்பு இன்னும் போகவில்லை. கீழே ஒரு சிறு பலகையில் எண்ணும் நூற்றாண்டும். எந்த ஊர், எந்தக் கருவறை, கடைசியாக நீர் வார்த்த கை யாருடையது? கடைசி நாள் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்குமா? மறுநாள் வரலாம் என்று திரும்பிப் பார்க்காமல் போயிருக்கும். பிறகு எத்தனை நூறு ஆண்டுகள். மண்ணுக்கடியில் எத்தனை, மண்ணுக்கு மேல் எத்தனை. அத்தனை நாளும் உலகம் உண்டது, உறங்கியது, பிள்ளை பெற்றது. இவனுக்கு ஊட்டவில்லை என்று எவன் பட்டினி கிடந்தான்? அந்த எண்ணம் வந்ததும் திடுக்கிட்டுப்போனார். இது நாத்திகனின் கேள்வியல்லவா, பசியில் புத்தி பிறழ்கிறதா? அல்லது கேள்வி அப்படியன்று. பட்டினி கிடந்தவன் இல்லாமற்போனதால் இவன் இல்லாமற்போனானா? இல்லையே, இதோ நிற்கிறானே, கண்ணாடி போல் மேனி மின்ன, எதையும் கேளாமல். அப்படியானால் முப்பத்துநான்கு ஆண்டுகள் யார் பொருட்டு? ‘உன் பொருட்டு’ என்று குரு சொன்னது நினைவுக்கு வந்தது. ‘அவனுக்கு நீ வார்க்கும் நீர் அவனுக்கன்று.’ அதைக் கேட்ட அன்று விளங்கியது போலிருந்தது, இன்று விளங்கவில்லை. கை தானாகக் குவிந்தது. பக்கத்தில் தையல்நாயகி வந்து நின்று, தலையைச் சாய்த்து லிங்கத்தைப் பார்த்தாள். “இவரு பாவம், ரொம்ப நாளாப் பட்டினி போலருக்கு” என்றாள். அவர் திடுமென அவள் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. சும்மா சொல்லியிருக்கிறாள். “இருந்தும் எளச்ச மாதிரி தெரியல” என்று சேர்த்துக்கொண்டு, அடுத்த சிற்பத்துக்கு நகர்ந்தாள். நகரும்போது தூணை ஒருமுறை பிடித்துக்கொண்டாள். கால் வலி என்று அவர் நினைத்தார்.

ஆற்றுக்கு நடந்தே போகலாம் என்று அவள்தான் சொன்னாள். மைதானத்தின் குறுக்கே ஒற்றையடிப் பாதையில் அவள் முன்னும் அவர் பின்னுமாக. காலையில் அவர் பின்தங்கி அவளை நிற்கவைத்தார். இப்போது அவள் நடை தளர்ந்திருந்தது. இடித்துவிடாமலிருக்க அவர் தம் நடையைக் குறுக்கிக்கொண்டார். குறுக்கிக்கொண்டே, தேசிகர் கிணற்றடியில் விழுந்து கிடக்கிறார், ஈ மொய்க்கிறது, கூடத்தில் சம்புடம் மூடியே இருக்கிறது, பூனை வந்து பலகையைத் தட்டுகிறது, சம்புடம் உருள்கிறது என்று ஒரு காட்சியை முழுதாகக் கண்டார். உடனே, தேசிகர் விழுந்து கிடப்பதைக் காட்டிலும் சம்புடம் உருள்வதற்குத்தானே நெஞ்சு பதறியது என்று தம்மையே பிடித்துக்கொண்டார். எழுபது வயது மனிதர், உடன்பிறவாத உடன்பிறப்பு. அவர் உயிரைப் பற்றிய கவலை இரண்டாவதாகத்தான் வந்தது. இப்படிப்பட்ட நெஞ்சு எந்த நீரை வார்த்து என்ன? பன்னிரண்டாம் முறை அழைத்தார். இந்த முறை மணி ஓய்ந்ததும் பதிவுசெய்த ஒரு பெண்குரல், பொறுமையோடு, சந்தாதாரர் பதிலளிக்கவில்லை என்று முதலில் ஒரு மொழியிலும் பிறகு இன்னொரு மொழியிலும் சொன்னது. ஆறு திடீரென்று எதிரே விரிந்தது. கங்கையின் கிளை; இங்கே வேறு பெயர் சொல்கிறார்கள், ஆனால் நீர் அதே நீர். சடையில் தாங்கியவன் தரையில் விட்ட நீர். வாழ்நாளெல்லாம் வாயால் ஓதிய நீரைக் கண்ணால் காண்பது இதுவே முதல்முறை, கண்டவுடன் மெய்சிலிர்க்க வேண்டும், விழி பெருக வேண்டும், ஒன்றும் நிகழவில்லை. பழுப்பு நீர், வாழைமட்டை, ஒரு படகு, தொலைவில் அவளுடைய அஞ்சாம் வகுப்புப் பாலம். ‘கும்பிடத் தோன்றவில்லையே’ என்று அடுத்த கவலை தொற்றிக்கொண்டது.

தையல்நாயகி படித்துறையின் மூன்றாம் படியில் உட்கார்ந்துவிட்டாள். பாலத்தைப் பார்க்கவில்லை. முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள்.

“அதோ பாலம். பாரு” என்றார்.

“பாக்குறேன்” என்றாள், நெற்றியை எடுக்காமல்.

அவர் குனிந்தார். அந்தக் குளிரிலும் அவள் கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது. ரவிக்கையின் முதுகு ஒட்டிக்கொண்டிருந்தது. கையைத் தொட்டார். சில்லென்று ஈரமாக, வீணைத் தந்தி அதிர்ந்து அடங்காதது போல உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. சர்க்கரை. அவளுக்குச் சர்க்கரை நோய் வந்து ஒன்பது ஆண்டுகள். மாத்திரை போட்டால் அரைமணிக்குள் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரேயடியாக இறங்கிவிடும் என்று மருத்துவர் இவரை எதிரே உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார்.

“மாத்திரை போட்டியா?”

“காலம்பரயே போட்டாச்சு.”

“சாப்பிட்டியா நீ?”

அவள் மெல்லத் தலையைத் தூக்கினாள். உதடு வெளுத்திருந்தது, அந்த வெளுத்த உதட்டில் ஒரு சிரிப்பு. “காலம்பரேந்து என்கூடத்தான இருக்கீங்க? நான் சாப்பிட்டனா இல்லியான்னு ஒங்களுக்குத் தெரியலியா?”

இட்டிலிக்காரனிடம் அசைந்த கை, கரும்புச்சாறு, தூண், தளர்ந்த நடை எல்லாம் ஒரே சமயத்தில் அவர்மேல் வந்து விழுந்தன. எல்லாவற்றையும் அவர் பார்த்திருந்தார். பார்த்தவற்றுக்கெல்லாம் கால்வலி, அவசரம் என்று தாமே ஒரு பெயர் சூட்டி அப்பால் வைத்திருந்தார்.

“தேசிகர் பேசலேன்னு எனக்குத் தெரியும்” என்றாள் அவள்.

“எப்படி?”

“பேசியிருந்தா இன்னும் ரெண்டு இட்டிலி கேட்டிருப்பீங்க. வயிறு மந்தமாம்! முப்பத்தேழு வருஷமா அந்த வயித்துக்கு வடிச்சுக் கொட்டுறவகிட்டயே. எத்தன மணிக்குத்தான் உண்மையச் சொல்றீங்கன்னு பாக்கலாம்னு இருந்தேன்.”

“பைத்தியமா உனக்கு? எழுந்திரு, முதல்ல எதையாவது சாப்பிடு.”

“நீங்க?”

“எனக்குப் பூசை ஆனது தெரியலியே.”

“எனக்கு நீங்க சாப்பிட்டது தெரியலியே.”

“இது விளையாட்டில்லை, தையலு. உடம்பு.”

“ஒங்களுக்கு இருக்குற வீம்பு எனக்கு இருக்கப்படாதா?” என்றாள். குரல் குழறியது. மறுபடி நெற்றி முழங்காலுக்குப் போயிற்று.

அவர் ஓடினார். அறுபத்தாறு வயதில், வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினார். கரையில் தேநீர் காய்ச்சுகிறவன் இருந்தான். “சினி, சினி, ஜாஸ்தி” என்று இரயில்வே இந்தியில் கத்தி, அவன் போட்ட இரண்டு கரண்டி சர்க்கரை போதாதென்று மேலும் இரண்டு போடவைத்து, மண்குவளை சுடச்சுட ஏந்தி வந்தார். அவள் வாயருகே நீட்டினார். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு, நடுங்கும் விரல்களால் குவளையை அவர் பக்கமாகத் தள்ளினாள். தள்ளியதில் வலுவே இல்லை. ஓர் இலை வந்து மோதியது போலத்தான் இருந்தது. ஆனால் அதை மீறி வாயில் ஊற்றிவிட முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. இவள் இப்படித்தான், காலாவதியான சீட்டுகளை வாய்பேசாமல் தட்டில் விரித்தவள். குவளை கையில் சுட்டது. முப்பத்துநான்கு ஆண்டுகள். ஒரு நாள் அறுந்தால் அறுந்ததுதானே, நாளை வார்க்கும் நீர் அறுந்த கயிற்றின் மறுமுனைதானே? ஒருவேளை தேசிகர் ஏழு மணிக்கே முடித்துவிட்டு உறங்கிக்கொண்டிருக்கலாம், முடித்திருந்தால் இதில் குற்றமில்லை, முடிக்காதிருந்தால்? முடிக்காதிருந்தாலும் என்று மனம் முதன்முறையாகச் சொன்னது. சொல்லிவிட்டு அடுத்த சொல் கிடைக்காமல் நின்றது. எதிரே கங்கை போய்க்கொண்டிருந்தது. நிலைப்படிக்கு வெளியே நின்று நீரை முகந்து நீட்டியவளின் கை இன்று நடுங்குகிறது. வாங்கி வார்த்த கை குவளையைப் பிடித்துக்கொண்டு யோசிக்கிறது. ‘இவனுக்கு ஊட்டாமல் நீ உண்ணாதே.’ ஊட்டுவதற்காக உண் என்று ஒரு விதி உண்டா? குருவே, உண்டா? பதிலுக்குக் காத்திருக்க நேரமில்லை. ‘சிவனே’ என்றார், அது வேண்டுதலா மன்னிப்பா என்று பிரித்தறியாமலே குவளையை வாயில் வைத்து ஒரு மிடறு உறிஞ்சினார். நாக்கு பொத்துப்போயிற்று. தித்திப்பு தொண்டையை அடைத்தது. பூசை ஆனது தெரியாமல் அவர் உடம்புக்குள் இறங்கிய முதல் வாய் அது. இறங்கிய வழியெல்லாம் தெரிந்தது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை என்று அவர் எண்ணவில்லை. விழுந்தாலும் விழட்டும் என்றும் எண்ணவில்லை. குவளையின் விளிம்பைத் திருப்பி, தம் உதடு படாத பக்கமாக அவளிடம் நீட்டினார்.

அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். அவர் தொண்டை அசைந்ததையும் பார்த்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். கடைசிச் சொட்டுவரை, இடையில் மூச்சு விடாமல். கடைக்காரன் தந்த ரொட்டித் துண்டை அவர் பிட்டுப் பிட்டுக் கொடுக்க, அதையும் மென்றாள். வியர்வை அடங்கியது, விரல் நடுக்கம் மணிக்கட்டோடு நின்றது, பிறகு அங்கும் நின்றது. அவருக்குள் மட்டும் நிற்கவில்லை. என்ன செய்துவிட்டோம் என்று ஒரு குரலும், எத்தனை நேரம் செய்யாமல் இருந்துவிட்டோம் என்று ஒரு குரலும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தன; ஊருக்குத் திரும்பியதும் மடத்தில் போய்ச் சொல்லவேண்டும், பிராயச்சித்தம் என்ன என்று கேட்கவேண்டும்; எந்தக் குற்றத்துக்கு என்று அவர்கள் கேட்டால், உண்டதையா உண்ணாததையா, எதைச் சொல்வது?

“என்னங்க” என்றாள் அவள். முகத்தில் கொஞ்சம் இரத்தம் திரும்பியிருந்தது. பாலத்தின்மேல் வண்டிகள் எறும்புச் சாரையாக ஊர்வதைக் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன?”

“இன்னொண்ணு வாங்கியாங்க. சக்கரய மட்டும் கொறச்சுப் போடச் சொல்லுங்க.”

அவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். இரண்டு படி ஏறியிருப்பார்.

“இந்தத் தடவ நான்தான் மொதல்ல குடிப்பேன்” என்றாள் அவள், ஆற்றைப் பார்த்தபடியே.